மூன்றாம் கியரில் மட்டும்

காலியாகப் போனால் கேட்காது.
சீனி முகமது பட்டறையில் நிறுத்தி
எவ்வளவு முறுக்கினாலும் கேட்காது.
புதுவயலில் நூறு மூட்டை அரிசி ஏற்றி
ரஸ்தா பாலத்து ஏற்றத்தில்
மூன்றாம் கியர் விழுந்ததும்
டொக்.
கொஞ்சம் விட்டு
டொக் டொக்.
கானாடுகாத்தானில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்குள்ளிருந்து
யாரோ கதவைத் தட்டுவதுபோல.

முதலில் டேப்பட் என்றார் சீனி.
பிறகு நாசில்.
ஆறு சிலிண்டரையும் ஒவ்வொன்றாக ஊமையாக்கிப் பார்த்தார்.
ஒன்றை அடக்கினால் மற்ற ஐந்தும் தள்ளாடின,
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.
கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு
"பேரிங்கா இருக்கலாம்,
இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்."
இறக்கிப் பார்க்க நாற்பத்தெட்டாயிரம்.

சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று.
கழுத்து வேர்வையில்
மஞ்சள் கயிறு தனியாக ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை.
பத்தொன்பது வருஷம்
இடது காதை எஞ்சினுக்குக் கொடுத்தவர்.
கிளீனர் மலையரசன் கேட்கிறது என்பான்.
எங்கேடா என்றால்
எல்லா இடத்திலும் என்பான்.

அதனால் நான் ஏறினேன்.
தையல் மிஷின் மிதித்த காது என்னுடையது.
ஊசி தட்டில் இடிப்பது வேறு,
பாபின் தளர்ந்து ஆடுவது வேறு,
அரைத் தூக்கத்திலும் சொல்லிவிடுவேன்.

பானட்டைத் தூக்கி
சீனி தந்த நீள ஸ்குரூடிரைவரின்
முனையை இரும்பில் வைத்தேன்,
பிடியைக் காதுக்குப் பின் எலும்பில்.
ஜாக்கெட் கைவரை டீசல் சூடு.
"கிளச்ச மிதிங்க."
நின்றது.
"விடுங்க."
டொக்.
"இன்னும் அழுத்துங்க."
எஞ்சின் வேகம் கூடியது,
சத்தம் கூடவில்லை.
சுற்றுகிற எதுவும் இப்படிக் கணக்குத் தப்பாது.
இது சுற்றவில்லை.
எதன் மேலோ போய்ச் சாய்கிறது.

திரும்ப இறங்கி, திரும்ப ஏறினோம்.
பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே வைதான்.
நாலாவது தரம்
பாலத்தடி டீக்கடைக்காரர்
பாய்லரை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

ஓரங்கட்டி, சாக்கு விரித்து,
சேலையைச் செருகிக்கொண்டு அடியில் படுத்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
சேறு, துரு, அடையாய் அப்பிய கிரீஸ்.
அதன் நடுவே குறுக்குச் சட்டத்தில்
ஒரு ரூபாய் அகலம்
புதுப் பாத்திரம்போல் பளபளவென்று தேய்ந்த இடம்.
நேர் எதிரே சைலன்சர் குழாயின் முழங்கையிலும்
அதே ஒரு ரூபாய்.
இடையில் ஒரு விரல் நுழையலாம்.
இரண்டும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தன.

இடப்பக்க மவுண்டிங் ரப்பர்
வெயிலில் கிடந்த செருப்பு வாராய் வெடித்திருந்தது.
பாரம் இழுக்கையில் எஞ்சின் ஒருச்சாய்ந்து
குழாயைக் கொண்டுபோய் இடிக்கிறது,
அவ்வளவுதான்.

ரப்பர் நானூற்று எழுபது.
கூலி இருநூறு.
சீனி என்னைப் பார்க்காமல்
போல்ட்டைப் பார்த்துச் சொன்னார்:
"இருக்கலாம்னுதானே சொன்னேன்."

நேற்று அதே நூறு மூட்டை, அதே ஏற்றம்.
டொக் இல்லை.
"எனக்கு எப்பவும்போலத்தான் இருக்கு" என்றார் இவர்.
இருக்கும்.

எனக்கு அப்படி இல்லை.
அந்த டொக் அடங்கிய இடத்தில்
அதற்குப் பின்னால் இத்தனை நாள்
பதுங்கியிருந்த ஒரு மெல்லிய கிர்ர்,
நாலாம் கியரில்,
இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மட்டும்.

யாரிடமும் சொல்லவில்லை.
நாற்பத்தெட்டாயிரமும் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.
திங்கட்கிழமை வங்கி திறக்கட்டும்.
சங்கிலி கழுத்துக்கு வரட்டும்.
அதுவரை எனக்கும்
இடது காது கொஞ்சம் மந்தம்.